ஸ்டியரிங் இல்லாத வண்டி

நெய்வேலியில் வழி தவறுவது சிரமம். வட்டத்தின் எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும் சொன்னால் போதும், பெயரே இல்லாமல் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்துவிடும். ரோடெல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்பதை ஷிப்ட் சார்ட்டைப் பார்த்தே சொல்லலாம். அப்படிப்பட்ட டவுன்ஷிப்பில் இருபது வருஷம் குடித்தனம் செய்த என் மனைவிக்கு, எங்கே போய் இறங்கும் என்று ஓட்டுபவருக்கே தெரியாத வண்டியில் ஏற வேண்டும் என்று ஆசை வந்தது.

முதலில் அவள் கேட்டது துருக்கி. கப்படோக்கியாவில் விடியற்காலையில் வானம் முழுக்க வெப்பக்காற்று பலூன்கள் மிதக்கும் வீடியோவை மகள் காட்டியிருந்தாள். டிக்கெட் விலையைப் பார்த்தபின் ஆசை மேற்கிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து பொள்ளாச்சியில் நின்றது. அங்கே 2015 முதல் பொங்கலை ஒட்டி சர்வதேச பலூன் திருவிழா நடக்கிறது. 2025-ல் பத்தாவது திருவிழாவைச் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையிலும், பொள்ளாச்சியிலும், மதுரையிலும் பிரித்துப் பிரித்து நடத்தினார்கள். விருத்தாசலத்தில் ரயில் பிடித்தால் சேலம், அங்கிருந்து கோயம்புத்தூர், அப்புறம் பொள்ளாச்சி. பூமியில் போகவேண்டிய தூரத்துக்கெல்லாம் பிளான் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குமேல்தான் அம்மா வந்தார்.

"ஏறுறது பொள்ளாச்சி. எறங்குறது எங்கடா?"

"அது காத்தைப் பொறுத்ததும்மா."

கடலூர் மாவட்டத்துக்காரரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. எங்கள் பக்கத்தில் காற்று என்றாலே 2011 டிசம்பர் 30-ஆம் தேதி. தானே புயல் கரையைக் கடந்த அன்றைக்கு பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்தன. டவுன்ஷிப் மரங்களும் தப்பவில்லை. எங்கள் தெரு முருங்கை எந்த வீட்டைச் சேர்ந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

"அந்தக் காத்தை நம்பியா புள்ளையக் கூட்டிட்டுப் போற?" என்றார் அம்மா.

படித்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். பலூனைக் காற்றில்லாத நேரமாகப் பார்த்து விடிகாலையில்தான் கிளப்புவார்கள். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று புரள ஆரம்பித்துவிடும், அதற்குள் இறக்கிவிடுவார்கள். கூடைக்கு மேலே புரொப்பேன் பர்னர். அதைத் திறந்தால் உள்ளே காற்று ஏறக்குறைய தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு வரும், வெளிக்காற்றைவிட லேசாகும், பலூன் எழும்பும். சூடு குறைந்தால் தாழும். ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் போகுமாம்; தனக்கு வேண்டிய காற்று எந்த உயரத்தில் ஓடுகிறதோ அங்கே பைலட் பலூனைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்ப அவருக்கு மேல, கீழ மட்டும்தான் தெரியும். லிப்ட் ஆபரேட்டர்னு சொல்லு."

இதற்கு நடுவே ஒரு செய்தியை மகள் வேறு சத்தமாகப் படித்துத் தொலைத்தாள். முன்பொரு திருவிழாவில் பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன் ஒன்று மாநில எல்லையைத் தாண்டி பாலக்காடு மாவட்டத்து வயலில் இறங்கியிருக்கிறது. ஏறியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் கவலை அதுவல்ல. "அந்த வயல்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

மனைவி வரலாற்றைத் துணைக்கு அழைத்தாள். 1783 செப்டம்பரில் பிரான்சின் வெர்சாய் அரண்மனை முன்பு, மான்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றும் உயிரோடு இறங்கின. மனிதர்களை ஏற்றும் பேச்சு வந்தபோது, தண்டனைக் கைதிகளை முதலில் அனுப்பிப் பார்க்கலாம் என்பது ராஜாவின் யோசனை. இந்த இடத்தில் வீட்டில் இருந்த மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைதிகளுக்கு அந்தப் பெருமை எதற்கு என்று பிலாட்ர் தெ ரோசியே என்பவரும் ஒரு பிரபுவும் தாமாகவே முன்வந்து, நவம்பரில் பாரிஸ் மேல் இருபத்தைந்து நிமிஷம் பறந்தார்கள் என்று அவசரமாகக் கதையை முடித்தேன்.

"வயசானவங்களும் போறாங்க அத்தை" என்றாள் மனைவி. "ரேமண்ட் கம்பெனி விஜய்பத் சிங்கானியா 2005-ல மும்பையிலருந்து கிளம்பி இருபத்தோரு கிலோமீட்டர் உயரத்துக்குப் போயி உலக சாதனை பண்ணாரு. அப்ப அவருக்கு அறுபத்தேழு வயசு."

"அவரு துணிக் கம்பெனிக்காரரும்மா. கிழிஞ்சா தைச்சுக்குவாரு."

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அண்ணன் மைன்ஸில் ரிட்டையர் ஆனவர். காலி செய்யும் தேதி வரை எங்களுக்குப் புத்தி சொல்வது என்ற முடிவில் இருக்கிறார். அவருக்கு இந்தத் திட்டத்தின் திசையே பிடிக்கவில்லை. 1956-ல் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. "ஒரு டன் கரி எடுக்கணும்னா அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை அள்ளிக் கொட்டணும். கரிக்குக் கீழ ஊத்துத்தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, ராப்பகலா பம்பு போட்டு இறைக்கலேன்னா சுரங்கமே மிதக்கும். மிதக்காம இருக்கிறதுக்கு நாங்க இவ்வளவு பாடுபடறோம், நீ காசு குடுத்து மிதக்கப் போறியா?"

பலூனை நெய்வேலியிலேயே விட்டால் என்ன என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. மேலேயிருந்து பார்க்க எங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. 1,400 லிட்டர் வாளிகளைச் சக்கரத்தில் கோத்துச் சுற்றும் ராட்சத இயந்திரங்கள், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், தோண்டிய மண் குவிந்து உண்டான மலைகள், நடுவில் பச்சைப்பசேலென்று டவுன்ஷிப். இயற்கைக் காட்சி என்று விளம்பரத்தில் போட முடியாதே தவிர, காட்சிதான். ஆனால் உலகம் முழுக்க பலூன் ஓட்டுபவர்கள் அதிகம் அஞ்சுவது மின்கம்பிக்கு. எங்கள் ஊர் பிழைப்பதே எட்டுத் திக்கும் மின்கம்பி இழுத்துத்தான். பலூன்காரர் மேப்பைப் பார்த்தாலே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

எடை விவகாரம் தனி. கூடையின் பாரம் கணக்குப் பார்க்க ஏறுகிறவர்களின் எடையைக் கேட்பார்கள். உட்கார இருக்கை கிடையாது, நின்றுகொண்டே போக வேண்டும். இறங்கும்போது முழங்காலை மடக்கிப் பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும், கூடை சாய்ந்தாலும் சாயும். இதையெல்லாம் கலங்காமல் கேட்ட என் மனைவி, எடையைக் கேட்டதும் கல்யாணத்துக்கு முந்தைய மருத்துவச் சான்றிதழைத் தேடப் போனாள். நான் ரகசியமாகக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். என் எடையில் குறைத்துக்கொண்டு கணக்கை நேர் செய்தேன்.

கடைசியில் அம்மாவுக்கும் சம்மதமான வழி ஒன்று கிடைத்தது. திருவிழாவில் பொதுமக்களை ஏற்றுவதற்கென்று கயிறு கட்டிய பலூன் உண்டு. கொஞ்ச உயரம் எழும்பிவிட்டு அதே இடத்தில் இறங்கும். "கட்டிப் போட்டிருக்கா? அப்ப நானும் வரேன்" என்றார் அம்மா. கயிற்றைத் தான் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அண்ணனும் பையை எடுத்து வைத்துவிட்டார். மனைவி மட்டும் விடவில்லை. கட்டின பலூன் அத்தைக்கு, கட்டாத பலூன் தனக்கு என்று சொல்லிவிட்டாள்.

எனவே லீவு விண்ணப்பத்தில் 'விடுப்பில் இருக்கும்போது முகவரி' என்ற கட்டத்தில், நேர்மையாக, 'பொள்ளாச்சி அல்லது பாலக்காடு' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஏதாவது ஒண்ணுதான் சார் எழுதணும்."

"பொள்ளாச்சிதான் சார். காத்து அடிச்சா பாலக்காடு."

"காத்து அடிக்கும்னு நீங்க எப்படி சார் முன்கூட்டியே எழுத முடியும்?"

"அது என் கையில இல்லையே சார்."

அவர் விண்ணப்பத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "அப்ப யார் கையில இருக்கோ, அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கி இதோட இணைச்சுடுங்க."