இங்க குடுல, சொல்லித்தாரேன்

பிள்ளைகள் ஆட ஆரம்பித்து மூன்று பந்து போயிருக்காது, சோபாவிலிருந்து குரல் வந்துவிடும்: "அப்படி இல்லல. இங்க குடு, சொல்லித்தாரேன்."

ரிமோட் போனது போனதுதான். (என் கொழுந்தனார் என்று நான் சொல்லவில்லை. பெருமாள்புரத்தில் தெருவுக்கு ஒரு சித்தப்பா இப்படி இருப்பார்.)

வளைகுடாவிலிருந்து வந்த மாமா விட்டுப்போன பழைய வீ (Wii) வீடியோ கேம் பெட்டி அது. டென்னிஸில் பந்து எங்கே விழுந்தாலும் திரையில் இருக்கிற பொம்மை தானாக ஓடிப்போய் நிற்கும். நாம் கையை வீசினால் போதும். இவருக்கு அது போதாது. "மதினி, இந்த டீப்பாயைக் கொஞ்சம் ஓரமாப் போடுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூஜை அறை வாசலுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே ஓடுவார்.

"சித்தப்பா, நீங்க ஓட வேண்டாம், அதுவே ஓடும்" என்கிறாள் ஆறு வயதுக்காரி.

"சும்மா இரு. ஆட்டம்னா கால் வேலை வேணும்."

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் அந்தக் காலத்தில் ஆடியவராம். என்ன ஆட்டம் என்பது ஞாயிற்றுக்கு ஞாயிறு மாறும்.

ரிமோட்டில் மணிக்கட்டுக்கு ஒரு கயிறு உண்டு. 2006 நவம்பரில் வீ வெளிவந்ததும் ஊர் உலகத்துச் சித்தப்பாக்கள் வீசிய வீச்சில் கயிறு அறுந்து ரிமோட்டுகள் பறந்தன. அடுத்த மாதமே சுமார் 32 லட்சம் கயிறுகளுக்கு மாற்றுத் தருவதாக நிண்டெண்டோ அறிவித்தது. நம்மவர் விஷயத்தில் அந்தச் செலவு மிச்சம். அவர் கயிறே மாட்டுவதில்லை. "நான் என்ன சின்னப் பிள்ளையா?" சுவர்க் கடிகாரம் இப்போது கண்ணாடி இல்லாமல் ஓடுகிறது.

பௌலிங்கில் கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே பொத்தானை விட்டுவிடுவார். பந்து பின்பக்கம் போகும், திரையில் நிற்கிற கூட்டம் பதறிக் குதிக்கும். பெரியவன் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை லேசாகச் சுண்டுகிறான். பத்துக் கட்டையும் காலி. "இது கள்ள ஆட்டம்ல" என்று தீர்ப்பு. தனக்கு ஒன்றும் விழாவிட்டால் "பேட்டரி வீக்கு."

பெட்டியோடு நிற்கிற குணமும் இல்லை. நீச்சல் பழக்குகிறேன் என்று பிள்ளைகளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனார். "முதல்ல நான் காட்டுதேன்" என்று ஆற்றில் இறங்கியவர் ஏறும்போது மதியம். பிள்ளைகள் துண்டும் கையுமாகப் படித்துறையில் உட்கார்ந்து, காய்ந்த தலையோடு வீடு திரும்பினார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பெட்டிக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான். அதில் முக்கால் மணி நேரம் இவர் சொல்லித் தந்தே தீர்கிறது. பிள்ளைகள் கோணலாக வீசட்டுமே, தோற்கட்டுமே, அவர்களுக்குள் அடித்துக்கொள்ளட்டுமே. நாற்பது தாண்டியவருக்கு இது தெரியாதா? ஆனால் ஒன்று: பவர்கட் ஆகிவிட்டால் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மொட்டைமாடி முழுக்கச் சுற்றுகிறவரும் இவர்தான். அப்போது மட்டும் யாருக்கும் ஒன்றும் சொல்லித்தர மாட்டார்.

இப்போது அவர் பைக் சத்தம் கேட்டதும் சின்னவள் ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுகிறாள். போன ஞாயிறு சித்தப்பா அசரவில்லை. எங்கேயோ தேடிப்பிடித்து இன்னொரு ரிமோட் வாங்கிவந்திருந்தார்.

"இனிமே சண்டையே கிடையாது. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்க ரெண்டு பேருக்கும்."