கேள்வி-பதில்: கியூபாவின் வலது கை

கே: ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று தங்கம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?
ப: மூன்றே பேர். ஹங்கேரியின் லாஸ்லோ பாப், கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன், பெலிக்ஸ் சாவோன். அதில் நான் ஸ்டீவன்சன் கட்சி. 1972 மியூனிக், 1976 மான்ட்ரியல், 1980 மாஸ்கோ என்று மூன்றும் ஹெவிவெயிட்டில்.

கே: அவர் அடியில் அப்படி என்ன விசேஷம்?
ப: அடிப்பதற்கு முன்னால் அளப்பார், அதுதான். இடது கையை நீட்டி நீட்டி எதிராளியின் முகத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பார். பார்க்கிறவருக்கு மனுஷன் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். தூரம் சரியாக அமைந்ததும் வலது கை இறங்கும். மியூனிக்கில் அமெரிக்காவின் டுவேன் போபிக் அப்படித்தான் சிக்கினார். முந்தைய ஆண்டு பான் அமெரிக்கப் போட்டியில் ஸ்டீவன்சனை ஜெயித்தவர் அவர். இம்முறை மூன்றாவது ரவுண்டில் போபிக் திரும்பத் திரும்பக் கீழே விழ, நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். மான்ட்ரியலில் ஜான் டேட் முதல் ரவுண்டிலேயே சாய்ந்தார். அந்த டேட் 1979-இல் தொழில்முறை உலக சாம்பியன் ஆனார் என்றால், ஸ்டீவன்சன் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: தோற்றதே இல்லையா?
ப: உண்டு. சோவியத்தின் இகோர் வைசோட்ஸ்கியிடம் இரண்டு முறை. 1982 உலகப் போட்டியில் இத்தாலியின் டமியானியிடம். ஆனாலும் 1986-இல், 34 வயதில், அமெரிக்க மண்ணிலேயே மூன்றாவது உலகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கே: முகமது அலியுடன் மோத லட்சக்கணக்கான டாலர் தருகிறோம் என்ற பிறகும் மறுத்தாராமே, பயமா?
ப: பயந்தவர் மூன்று ஒலிம்பிக்கில் கோதாவில் இறங்குவாரா? கியூபாவில் தொழில்முறை விளையாட்டுக்கே தடை. டாலரைத் தொட வேண்டுமானால் நாட்டை விட்டு ஓட வேண்டும். பிறந்த ஊரையும் ஜனங்களையும் விட்டுவிட்டு வரும் பணம் தனக்கு வேண்டாம் என்றார். அரசு அந்த மறுப்பைத் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. அதற்காக அவர் முடிவு பொய்யாகிவிடாது. போக வழியிருந்தது; வெளிநாட்டுக்கு எத்தனையோ முறை போனார், ஒவ்வொரு முறையும் வீடு திரும்பினார். கியூபா ஜனங்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்கு பதக்கம் பாதிக் காரணம், இது மீதி.

கே: சரி, அலியா ஸ்டீவன்சனா?
ப: அமெச்சூர் கணக்கில் மூன்று ரவுண்டு என்றால் ஸ்டீவன்சன். பதினைந்து ரவுண்டு என்றால் அலி. நிஜத்தில் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். மருந்துகளை உதவியாக எடுத்துக்கொண்டு அலி ஹவானா போனபோது ஸ்டீவன்சன் உடனிருந்தார்.

கே: நான்காவது தங்கம் ஏன் வரவில்லை?
ப: 1984 லாஸ் ஏஞ்சல்ஸை கியூபா புறக்கணித்தது. 1988 சியோலையும்தான். அரசியல்வாதிகளின் சண்டையில் வீரனின் வயது போனது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

கே: கியூபாவில் தொழில்முறை விளையாட்டுக்கான தடை இன்னும் இருக்கிறதா?
ப: குத்துச்சண்டைக்கு 2022-இல் தளர்த்திவிட்டார்கள். இப்போது கியூப வீரர்கள் அரசின் சம்மதத்தோடு பணத்துக்கு ஆடலாம். அதைப் பார்க்க ஸ்டீவன்சன் இல்லை; 2012 ஜூனில், 60 வயதில், ஹவானாவிலேயே காலமாகிவிட்டார்.