கெடுதல் விகாரமும் கிளட்ச் வால்வும்

நிலைமொழி எஞ்சின், வருமொழி கியர்பாக்ஸ். இரண்டும் புணரும் இடத்துக்குக் கிளட்ச் என்று பெயர். இலக்கண நூலார் இதை விட்டுவிட்டதால், பள்ளியில் புணர்ச்சி விதியில் கோட்டை விட்ட ஒருவன் இந்த ஆய்வை மேற்கொள்ள நேர்ந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நண்பர் ஒருவரின் பி.எம்.டபிள்யூ. எம்3 கார். இ46 தலைமுறை, 2000 முதல் 2006 வரை ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் ஆலையில் செய்தது. 3.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன். அந்தத் திறன் முழுவதும் நிமிடத்துக்கு 7,900 சுற்றில்தான் வெளிப்படும். கிளட்ச் பெடலே இல்லாத எஸ்.எம்.ஜி. வகையும் இக்காரில் உண்டு. அங்கே புணர்ச்சியைத் தரகரே முடித்துவைப்பதால் அதை ஆய்விலிருந்து விலக்கினோம்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. அது குழாய் வழியே போய், கியர்பாக்ஸின் விலாவில் ஒட்டிக்கிடக்கும் ஸ்லேவ் சிலிண்டரை உந்த, கிளட்ச் பிரிகிறது. காலை எடுத்தால் ஸ்பிரிங் அதே எண்ணெயைத் திருப்பி அனுப்ப, கிளட்ச் சேர்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதிதான். இதுவரை பாடபேதம் இல்லை.

பாடபேதம் குழாயின் கடைசியில் இருக்கிறது. கட்டைவிரல் அளவில் ஓர் உலோகத் துண்டு. ஒரு முனையில் வெளிமரை, மறுமுனையில் உள்மரை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே வழி சட்டென்று ஒடுங்கியிருப்பது தெரியும். திரும்பி வரும் எண்ணெய் இந்தச் சந்துக்குள் நுழைந்து வரத் தாமதமாகும். ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டார். கிளட்ச்சோ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. கண் இமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியக் கணக்கு. அந்த மாத்திரையை நீட்டுவதால் இவ்வால்வை அளபெடை எனலாம். இசை நிறைக்க வந்த அளபெடை அன்று. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் காக்க வந்தது. யாராவது பெடலைப் படக்கென்று விட்டால் அதிர்ச்சி நேரே அவற்றில் போய் அறையும். ஆகவே, உங்கள் கால்மேல் நம்பிக்கையில்லாமல் செருகிய வால்வு இது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சிவந்துபோகும்.

எனவே விகாரம். தோன்றல், திரிதல், கெடுதல் என அது மூவகைப்படும் என்பது நன்னூல். கிளட்ச்சை மாற்றி அமைப்போரும், நன்னூலைக் கண்ணால் பாராமலே, இம்மூன்றைத்தான் செய்கிறார்கள். பெடலுக்கு அடியில் போல்ட்டும் ரப்பருமாக ஒரு முட்டு வைத்து மிதிதூரத்தைக் குறைப்பது தோன்றல். முட்டு உயரம் கூடினால் கியர் கரகரக்கும். பெடலை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியானால், அதுவும் ஆகாது. வால்வைத் துளையிட்டு அகலமாக்குவது திரிதல். கழற்றி எறிவது கெடுதல். துளையிட்ட தூள் எண்ணெயில் கலந்தால் எங்கே போய்ச் சேரும் என்ற கவலை திரிதலில் உண்டு. நண்பர் கெடுதலைத் தேர்ந்தார்.

ஜெர்மனியில் லிஃப்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைகள் உண்டு. வண்டியை ஏற்றிவிட்டு அண்ணாந்து நின்றோம். ஸ்லேவ் சிலிண்டரைப் பிடித்திருந்தவை இரண்டே நட்டுகள், 13 ஸ்பேனர். வால்வைக் கழற்றிக் குழாயை நேரே சிலிண்டரில் பூட்டப் பத்து நிமிடம் ஆகவில்லை. பிறகுதான் ஏர் எடுக்கும் படலம். (இங்கு ஏர் கலப்பையன்று, காற்று.) குழாயில் ஒரு குமிழி நின்றாலும் பெடல் பஞ்சாகிவிடும். நண்பர் மேலே, நான் கீழே. “மிதிங்க... பிடிங்க... விடாதீங்க!” அவர் விட்டுவிட்டார். டாட் 4 எண்ணெய் என் முழங்கையில் வழிந்து சட்டைக்குள் போனது. பெயின்ட்டையே உரிக்கும் திரவம் அது. தோலைப் பற்றிய என் குறிப்புகளை இங்கே தவிர்க்கிறேன். மூன்றாம் முறையில் குமிழி வருவது நின்றது. கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே டப்பாவில் எண்ணெய் குடிப்பவை என்பதால், டப்பாவை நிரப்பி மூடியை இருமுறை சரிபார்த்தேன். சோம்பேறித்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

கள ஆய்வில், முதலிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது கால் எழுந்த கணமே கிளட்ச் பிடித்தது. இடைச்செருகல் நீங்கி மூலபாடம் மீண்டதாக நண்பர் அறிவித்தார். என் ஐயத்தையும் பதிவு செய்யவேண்டும்: அதுவரை வண்டி குலுங்கிய போதெல்லாம் “வால்வு பண்ற வேலை” என்பார். ஒரு குற்றவாளி எப்போதும் கைவசம் இருந்தான்.

இதற்குப் புறனடை ஒன்று. மாலையில் நண்பரின் மனைவி, மடியில் சாம்பார்ப் பாத்திரத்தோடு, பக்கத்து இருக்கையில் ஏறினார். நான் பின்னால். சிக்னல் பச்சையானது. வண்டி முன்னே ஒரு குதி குதித்து, பின்னே ஒரு இழு இழுத்து, அப்புறம் கிளம்பியது. அவர் மூடியை அழுத்திப் பிடித்தபடி, மிகவும் சாந்தமாகக் கேட்டார்:

“ஏங்க, அந்த வால்வைத்தான் காலையிலேயே கழட்டிட்டீங்களே?”

நண்பர் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டிருந்தார்.