ஏட்டய்யா கணக்கு

அந்தக் காலத்து லைசென்ஸ் கையடக்கப் புத்தகம். கோர்ட்டில் தண்டனை விழுந்தால் எழுதிவைப்பதற்கென்றே உள்ளே பக்கங்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி லோடு ஏற்றிய எங்கள் யாருடைய புத்தகத்திலும் அந்தப் பக்கங்களில் மை பட்டதில்லை. அவ்வளவு ஒழுக்கசீலர்களா என்று கேட்காதீர்கள். எங்கள் குற்றமெல்லாம் ஏட்டய்யாவின் தலைக்குள் பதிவாகியிருந்தது.

"போன வாரம் ராங் சைடுல வந்தவன்தானே நீ?" என்பார். அது ஒன்று. ஹெட்லைட் எரியாதது இரண்டு. மூன்றாவதற்குச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். வெயில் தாழ்ந்த பிறகுதான் சாவி வரும்; அன்றைய பேட்டா போச்சு. அவருக்கு மாற்றல் வந்தால் எங்கள் கணக்கும் பூஜ்யம். புதியவருக்கு மூஞ்சி பழகவே ஆறு மாதம் ஆகும்.

சிங்கப்பூரில் டிரைவராக இருக்கும் அக்கா மகன் லீவில் வந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தான். "அங்கயும் இதேதான் மாமா, ஏட்டய்யாவுக்குப் பதிலா கம்ப்யூட்டர்." சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதத்தோடு 12 புள்ளி. 24 மாதத்தில் 24 சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். 12 மாதம் ஒழுங்காக ஓட்டினால் பழைய புள்ளிகள் அழியும். "காசைக் கட்டினாலும் புள்ளி போகாது மாமா, முதலாளியா இருந்தாலும்." இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது.

நம் பக்கம் 2017 ஆகஸ்டில் தெலங்கானா இதைத் தொடங்கியது: 24 மாதத்தில் 12 புள்ளி என்றால் ஓராண்டு வண்டி தொடக்கூடாது. தமிழ்நாட்டுக்கு 2022 அக்டோபரில் வந்தது புள்ளியல்ல, உயர்த்தப்பட்ட அபராதம். ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. போனில் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் முறை 1,000, மறுபடி சிக்கினால் 10,000. போன், குடி, அதிவேகம், அதிக லோடு ஆகியவற்றுக்கு மூன்று மாதமாவது லைசென்ஸை முடக்கச் சொல்லி உச்ச நீதிமன்றக் குழு 2015-லேயே உத்தரவிட்டிருந்தது. ஆனால் முடக்க வேண்டுமென்றால் ஓட்டியவன் ஆள் கையில் கிடைக்க வேண்டுமே.

கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட். சலான் போவது ஓனர் செல்போனுக்கு. யார் ஓட்டினார்கள் என்று கேட்டால் ஓனர் சொல்லியாக வேண்டும் என்று 1988 சட்டத்திலேயே இருக்கிறது. கேட்கிறவர்தான் அபூர்வம். ஒரு ட்ரெய்லரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிற தொழிலில் பணத்தைக் கட்டித் தொலைத்துவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விடுவார்கள். வண்டிக்கு ஏழு சலான் இருக்கும், ஓட்டியவன் லைசென்ஸ் துடைத்து வைத்ததுபோல் பளபளக்கும்.

இப்போது நான் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் சூப்பர்வைசர். சலான் காசு சம்பளத்தில் பிடிக்கப்படுவதால் தகராறு ஓயவில்லை. அதனால் ஒரு நோட்டுப் போட்டேன்: தேதி, வண்டி நம்பர், ஓட்டியவர், குற்றம். வருஷத்தில் மூன்று சேர்ந்தால் ஒரு வாரம் வண்டி கிடையாது. நோட்டைப் போட்ட மறுநாளே ஒருவன் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அந்தப் புழல் சலானை லீவுல போயிருக்கான்ல, அவன் கணக்குல எழுதிடுங்களேன்."