பதறாத கைகள்

இதயம் நிற்பதென்றால் அந்த மருத்துவமனையில்தான் நிற்க வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன்; புகழ்ச்சி அவர்களுக்குப் பிடிக்காது. பெரியப்பாவுக்குத் துணையாக வார்டில் கிடந்த நாட்களில் அவர்களுடைய அருமை பெருமையெல்லாம் கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தது.

அங்கே யாருக்காவது, நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆர். தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டாக்டர், சிஸ்டர் எல்லோரிடமும் பயிற்சி அட்டை இருக்கிறது. அதை வாங்கிய கதையை நைட் டியூட்டி சிஸ்டரே சொன்னார். கூட்ட அரங்கில் பொம்மை ஒன்று, ஆட்கள் எண்பது பேருக்குக் குறையாது. முன்வரிசை அழுத்தியது, பின்வரிசை வீடியோ எடுத்தது, சமோசா மட்டும் பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் வந்தது. தேர்வுத்தாளின் விடைகளை நடத்தியவரே உரக்கப் படித்ததால் ஒருவரும் தோற்கவில்லை. கற்ற கை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறக்கத் தொடங்கிவிடும் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். அட்டைக்கு அந்தப் பலவீனம் கிடையாது, இரண்டு வருடம் செல்லும். வார்டு பாய், செக்யூரிட்டி, ஆயாம்மா யாரையும் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. பாத்ரூம் வாசலில் நோயாளி விழுந்தால் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான். ஓடி வருகிறவர்களிடமே மறுபடியும் வேலை வாங்குவானேன் என்ற கருணை.

பெரிய டாக்டரோ பழைமையைப் போற்றுகிறவர். 15 அழுத்தலுக்கு 2 மூச்சு என்ற கணக்கை உலகம் 2005-ல் 30-க்கு 2 என்று மாற்றியது. முதலில் மூச்சுப்பாதை என்றிருந்த வரிசையை 2010-ல் திருப்பி, முதலில் நெஞ்சை அழுத்து என்றது. இப்படி நிமிடத்துக்கு ஒன்று பேசுகிற உலகத்தின் பின்னால் அவர் போகவில்லை. படித்ததைப் படித்தபடி வைத்திருக்கிறார்.

இந்த அழுத்தும் வித்தை 1960-ல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கட்டுரை வழியாக உலகத்துக்கு வந்தது. எழுதிய மூவரில் ஜூட் மட்டுமே டாக்டர். கௌவென்ஹோவன் மின்பொறியியல் பேராசிரியர், நைக்கர்பாக்கர் பொறியியல் மாணவர். நாயின் நெஞ்சில் ஷாக் தகட்டை வைத்து அழுத்தியபோதே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தவர் அந்த மாணவர்தான். நல்லவேளை, நம் மருத்துவமனையில் இல்லை. இருந்திருந்தால், டாக்டர் வருமுன் நெஞ்சில் கைவைக்க நீ யார் என்று கேட்டு வெளியே உட்கார வைத்திருப்பார்கள்.

பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒரு ராத்திரி சாய்ந்தார். சிஸ்டர் துளிகூடப் பதறவில்லை. பேச்சுமூச்சில்லாதவருக்கு முதலில் பி.பி. பார்த்தார். மெஷின் எண் காட்டவில்லை. ஆக்ஸிஜன் கிளிப்பை ஆள்காட்டி விரலிலிருந்து நடுவிரலுக்கு மாற்றினார், அங்கிருந்து மோதிர விரலுக்கு. பெரியவர் வாயைப் பிளந்து இரண்டு தடவை விக்கினார். சாகும்போது வருகிற அந்த வெற்று இழுப்பை சிஸ்டர் நல்ல மூச்சாகவே எடுத்துக்கொண்டு மாஸ்க் போட்டுவிட்டார்; அப்படியொரு நம்பிக்கை! பிறகு டியூட்டி டாக்டருக்குப் போன் போனது. அவர் கன்சல்டன்ட்டுக்குப் பேசிவிட்டு வந்தார். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றவருக்கு அழுத்தலும் ஷாக்கும் தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும் என்பார்கள். அத்தனை அவசரக்கார நோயோடு எத்தனை நிதானமாகப் பழகினார்கள்!

அவசர மருந்து வண்டி பளபளவென்று நின்றது. உற்சவரைப் போல அது தரச்சான்று ஆய்வு நாளில் மட்டும் புறப்பாடு கண்டருளும். சாவி பகல் டியூட்டி இன்சார்ஜ் சிஸ்டரின் கைப்பையில். மேலே தொங்கிய சரிபார்ப்புத் தாளில் மாதம் முடிய எல்லாத் தேதிக்கும் ஒரே பேனாவில் கையெழுத்து, இன்னும் பிறக்காத நாட்களுக்கும் சேர்த்து. பூட்டை உடைத்துத் திறந்தால், தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி இல்லை. கசிந்து கெட்டுவிடக் கூடாதே என்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

டாக்டர் அழுத்தினார். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்பது விதி. தாராளமாக இறங்கியது, மெத்தை. பெரியவரின் நெஞ்சுக்கு எந்தச் சிரமமும் இல்லை. முதுகுக்கடியில் பலகை வைத்து அவரை உறுத்தவும் இல்லை. திரையில் நேர்கோடு ஓடியபோது, ஷாக் வேலை செய்யாத அந்தக் கோட்டுக்கும் சினிமாவில் போலவே ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள்.

விடிகாலையில் சிஸ்டரிடம், நீங்களே உடனே அழுத்தியிருக்கலாமே என்று கேட்டேன். "சார் வராம நான் கைவெச்சு விலா எலும்பு ஒடிஞ்சா, நாளைக்கு யாருங்க பதில் சொல்றது? போன மாசம் ஒரு பொண்ணு ஆரம்பிச்சா. அவளுக்கு மெமோ." தெரியாமல் நின்றவரல்ல அவர். தெரிந்த கையையும் கட்டிப்போடும் அளவுக்கு அடக்கம் கற்றுக்கொடுத்த நிர்வாகத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

கேஸ் ஷீட்டில் சிஸ்டர் 2.10-க்கு மூச்சு நின்றது, 2.19-க்கு அழுத்தல் தொடக்கம் என்று எழுதியிருந்தார். காலையில் ரவுண்ட்ஸ் வந்த நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அதைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "டைம் கொஞ்சம் சரியாப் பாத்து எழுதும்மா" என்று சொல்லி, புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.