திரி பார்க்கும் உத்தியோகம்

வாசனை மெழுகுவர்த்தி வாங்க வருகிறவர்கள் முதலில் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார்கள். ‘மல்லிகையா, சந்தனமா?’ என்பார்கள். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நட்டநடுவில் நிற்கிற திரியை ஒரு ஜீவன் ஏறிட்டுப் பார்க்காது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் கதிதான் அதற்கும். சாம்பாரில் உப்புக் கூடினால்தான் ஆளைத் தேடுவார்கள்.

என் மைத்துனி வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கிறாள். அந்தக் கம்பெனியில் எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம்: எரிகிற திரியைப் பார்த்துக்கொண்டிருப்பது. “அத்தான், நீங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க” என்பதுதான் நியமன உத்தரவு.

மெழுகு கட்டியாக எரிவதில்லை. சுடரின் சூட்டில் உருகி, திரியின் நூலிழைகளுக்கு நடுவே மேலேறி, நுனியில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. திரி தடித்தால் மெழுகு அதிகம் ஏறும், சுடர் பெருக்கும். மெலிந்தால் இரண்டும் குறையும். அதனால் டம்ளரின் அகலத்துக்குத் தக்கபடி திரி போட வேண்டும். மணிக்கு ஓர் அங்குல விட்டம் உருக வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் உத்தேசக் கணக்கு. மூன்று அங்குல டம்ளரென்றால் மூன்று மணி நேரத்தில் ஓரம் வரை உருகிவிட வேண்டும். உருகுகிறதா என்று ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருப்பது அடியேன்.

ஒல்லித் திரி நடுவில் மட்டும் கிணறு வெட்டிக்கொண்டே கீழே போகும். சுற்றிலும் மெழுகு மதில் அப்படியே நிற்கும். கடைசியில், தான் உருக்கிய மெழுகிலேயே முழுகி அணைந்துவிடும். தடித் திரியோ ஆர்ப்பாட்டக்காரர். சுடர் எம்பிக் குதிக்கும். ஏறுகிற மெழுகுக்குக் காற்று போதாமல் கரி புகையாகும், டம்ளரின் வாய் கறுக்கும், கண்ணாடி தொட முடியாமல் சுடும். திரியின் நுனியில் குட்டியாக ஒரு கருப்புக் காளான் முளைக்கும். அதைக் கண்டால் நான் குரல் கொடுக்க வேண்டும். சுடரை அணைத்து, ஆறியதும் திரியைக் கால் அங்குலத்துக்குக் கத்தரிப்பாள்.

ஒருவழியாக அளவு படிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். பாரஃபினை விட்டு சோயா மெழுகுக்கு மாறினாள். பழைய திரி எடுபடவில்லை. சோயாவுக்குப் பெரும்பாலும் இன்னும் தடித்தது வேண்டும். வாசனைத் தைலத்தைக் கூட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. திரிகளுக்கு எண் உண்டே என்றால், ஒரு வரிசையின் பத்தும் இன்னொரு வரிசையின் பத்தும் ஒரே தடிமன் கிடையாது. யார் கேட்பது?

மாமியார் பஞ்சைத் திரித்தபடியே சொன்னார்: “எண்ணெய ஊத்தி, திரியத் தூண்டிவிட்டா முடிஞ்சுது. இதுக்கு ஸ்கேல் எதுக்கு மாப்பிள்ளை?”

அகலில் எண்ணெய் ஏற்கெனவே உருகித்தான் இருக்கிறது. கருகினால் திரியை முன்னே இழுத்துவிடலாம். மெழுகில் நட்டது நட்டதுதான் என்று விளக்கினேன். “அப்போ அகலையே விக்கச் சொல்லுங்க” என்றார். வியாபார ஆலோசனை என்ற வகையில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்றைய நிலைமை எவ்வளவோ தேவலை. முறுக்கு நூலைத் திரியாகப் போட்ட காலத்தில், அது எரிந்து தீராமல் கருகி நீண்டுகொண்டே போகும். ஐரோப்பிய நாடக அரங்குகளில் அதைக் கத்தரிக்கவே ஆள் இருந்தார். காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்து வேலையை முடித்துவிட்டுப் போவார். ராஜா உயிரை விட்டுக்கொண்டிருந்தாலும் திரி காத்திருக்காதல்லவா! 1825-ல் பிரான்சின் கம்பசெரெஸ் திரியைப் பின்னலாகப் போட்டார். பின்னல் திரி எரிய எரியத் தலை சாயும். நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து, அங்கே காற்று கிடைத்துச் சாம்பலாகிவிடும். மேடைக்கு வந்த அந்த மனிதருக்கு வேலை போயிற்று.

1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் தொடங்கினார். இன்றும் அவை புத்தகமாக விற்கின்றன. நானும் மெழுகுவர்த்தியைத்தான் பார்க்கிறேன். காபி கூட நேரத்துக்கு வருவதில்லை.

போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒரு அம்மா வந்தார். மல்லிகை அபாரமாம், கொளுத்த மனசே வராமல் ஷோகேஸில் வைத்திருக்கிறாராம். ஒரே ஒரு குறை.

“நடுவுல நூல் நீட்டிக்கிட்டு இருக்கறதால மூடி சரியா உட்கார மாட்டேங்குது. அது இல்லாம செஞ்சு தருவீங்களா?”