பிராக்கில் சன்னலோரம் உட்காராதே, மாப்ளே

செக் நாட்டுக்கு வேலைக்குப் போறியாமே? போ மாப்ளே, மாமன் குறுக்கே நிக்கலை. சம்பளம், குளிரு, சாப்பாடு எல்லாம் விசாரிச்சிருப்ப. தலைக்கு இவ்வளவுன்னு பார்த்தா உலகத்துலேயே அதிகமா பீர் குடிக்கிற ஊருங்கிறதை முதல்லயே விசாரிச்சிருப்ப. விசாரிக்காத ஒண்ணை மாமன் சொல்றேன். பிராக் நகரத்துல யாராச்சும் உனக்குப் பெரிய பதவி கொடுத்தா, நாற்காலியைச் சன்னலை விட்டுத் தள்ளிப் போட்டுக்க.

சிரிக்காதே. யான் ஹுஸ்னு ஒரு பாதிரியார். திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு விக்கிறதைத் தட்டிக் கேட்டார். விசாரணைக்குக் கான்ஸ்டன்ஸ் போனார், கையில ராசா சிகிஸ்மண்ட் கொடுத்த பாதுகாப்புச் சீட்டு. 1415ல அங்கேயே உசுரோட எரிச்சுட்டாங்க. ராசா கொடுத்த சீட்டுக்கு அம்புட்டுத்தான் மரியாதை. நாலு வருசம் கழிச்சு, 1419ல, ஹுஸ் ஆளுங்க பிராக் நகரசபைக்குள்ள புகுந்து அதிகாரிகளைத் தூக்கிச் சன்னல் வழியா எறிஞ்சாங்க. அவங்க பிழைக்கலை. அப்புறம் ஜிஷ்கான்னு ஒரு தளபதி கிளம்பினான். இருந்தது ஒத்தைக் கண்ணு, அதுவும் போரில போச்சு. பார்வையே இல்லாம, வண்டிகளைச் சேர்த்துக் கட்டிக் கோட்டையாக்கி, போப்பாண்டவர் ஏவிவிட்ட சிலுவைப் படையையே ஓட விட்டான்.

அதுக்கு முந்தின கதையா? அந்த மண்ணுல போயி இனத்தாரு இருந்தாங்க, அதுக்குப் பொஹீமியாங்கிற பேரு அவங்க விட்டுட்டுப் போனது. பின்னால ஜெர்மானியக் கூட்டம், ஆறாம் நூற்றாண்டுல ஸ்லாவ் மக்கள். ஏர் உழுதுக்கிட்டிருந்த பிரெமிஸ்லைக் கூட்டிட்டு வந்து லிபூஷே ராணி கட்டிக்கிட்டான்னு அவங்க கதை சொல்லும். அதனாலேயே எனக்கு பிரெமிஸ்ல் வம்சத்து மேல ஒரு பாசம். நாமளும் காலமெல்லாம் ஏர் பிடிச்சோம், ஒரு ராணியும் எட்டிப் பார்க்கலை.

சன்னலுக்கு வா. 1618 மே 23. வியன்னா பேரரசரோட ஆளுங்க ஸ்லவாட்டாவும் மார்ட்டினிட்ஸும் பிராக் கோட்டையில இருந்தாங்க. புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் உள்ள வந்து ரெண்டு பேரையும் தள்ளுனாங்க. எழுதிக்கிட்டிருந்த குமாஸ்தா ஃபப்ரீசியுஸ் பாவம், அவனையும் சேர்த்துத் தள்ளுனாங்க. ஏறக்குறைய 70 அடி. மூணு பேரும் பிழைச்சுட்டாங்க! மாதா தாங்கினாள்னு கத்தோலிக்கர் சொன்னாங்க. எருக்குழி தாங்குச்சுன்னு மத்தவங்க சொன்னாங்க. குமாஸ்தாவுக்குப் பேரரசர் பிரபு பட்டம் கொடுத்தார், எப்படி? ‘உயர விழுகை’ன்னு பொருள் வர்ற பேரோட! விழுந்து பதவி உயர்வு வாங்கின ஆளு அவன்தான். ஆனா ஊருக்கு விழுந்த அடி பெருசு. ஐரோப்பாவே 30 வருசம் எரிஞ்சது. 1620ல வெள்ளை மலையில செக் படை தோத்துச்சு, மறுவருசம் 27 தலைவர்களைக் கொன்னாங்க. 1918ல மசாரிக்குங்கிற தலைவர் குடியரசு அமைக்கிற வரைக்கும் வியன்னா ஆட்சிதான்.

அந்தக் குடியரசும் 20 வருசம்தான் தாக்குப் பிடிச்சது. 1938ல மியூனிக்ல நாலு பெரியவங்க உட்கார்ந்து இவங்க நிலத்தை ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்தாங்க. நிலத்துக்காரன் பிரதிநிதி பக்கத்து ஓட்டல்ல காத்துக்கிடந்தான். 1948ல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து ரெண்டே வாரத்துல, வெளியுறவு மந்திரி யான் மசாரிக், அந்த மசாரிக் மகன்தான், தன் குளியலறைச் சன்னலுக்குக் கீழே பிணமாக் கிடந்தார். விழுந்தாரா, தள்ளினாங்களா? இன்னிக்கும் வழக்குத் தீரலை.

அதுக்கப்புறம் செக் மக்கள் கையாண்ட தந்திரம்தான் எனக்குப் பிடிச்சது. 1968ல சோவியத் டாங்கி வந்தப்போ தெருப் பலகை, ஊர்ப் பலகையெல்லாம் கழட்டிட்டாங்க. மாஸ்கோவுக்குப் போற வழியை மட்டும் எழுதி வச்சாங்க. 1989ல சாவிக்கொத்தைக் குலுக்கி அரசாங்கத்துக்கு விடை கொடுத்தாங்க. அதே வருசம் சிறையிலிருந்து வந்த ஹாவெல்ங்கிறவர், வருசம் முடியறதுக்குள்ள சனாதிபதி.

1993ல, அதுவரைக்கும் ஒரே நாடா இருந்த ஸ்லோவாக்கியாவோட பாகப்பிரிவினை. ஒரு துளி ரத்தம் இல்லை. சொத்து ரெண்டுக்கு ஒண்ணு. கூட்டாட்சிச் சின்னங்களை ரெண்டு தரப்புமே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமும் எழுதிக்கிட்டாங்க. எழுதின கையோட செக் நாட்டுக்காரன் பழைய கொடியையே தன் கொடின்னு ஏத்திட்டான். இன்னிக்கும் அதுதான் பறக்குது.